அறுபது வயது என்பது யாருடைய கணக்கு?

முதியோர் நலம் பற்றி நாளிதழ் இணைப்புகளும் மருத்துவமனைச் சுவரொட்டிகளும் வழங்கும் அறிவுரைகள் பெரும்பாலும் ஒரே வார்ப்பில் அமைந்தவை. மன அழுத்தத்தைத் தவிர்க்க வேண்டும். ஏழெட்டு மணி நேரம் உறங்க வேண்டும். பழங்களையும் பருப்பையும் உணவில் சேர்க்க வேண்டும். காலையில் நடைப்பயிற்சி செய்ய வேண்டும். மருத்துவ நோக்கில் இவற்றில் பிழை கிடையாது. ஆனால், காஞ்சிபுரத்தில் கைலாசநாதர் கோயிலுக்குச் செல்லும் வழியில் உள்ள பிள்ளையார்பாளையத்தில், தறிக்குழிக்குள் கால்களை இறக்கி நாற்பது ஆண்டுகள் அமர்ந்திருந்த ஒருவரிடமோ, அந்நகரின் சாக்கடைகளைத் தூர்வாரி ஓய்ந்த ஒருவரிடமோ இவ்வறிவுரையைப் படித்துக் காட்டினால், அது வேறொரு நாட்டிலிருந்து வந்த கடிதம்போல் ஒலிக்கும்.

அதே வேளையில், இவ்வறிவுரைக்கு அடிப்படையான அறிவியலை நாம் புறந்தள்ளிவிடவும் கூடாது. மன அழுத்தம் உடலை முதுமையடையச் செய்கிறது என்பதற்குக் கடந்த முப்பது ஆண்டுகளில் திரண்டுள்ள சான்றுகள், சரியாகப் படிக்கப்பட்டால், சமூகநீதிக்கான வழக்குரையாகவே அமைகின்றன. அவற்றை அவ்வாறு படிக்கும் முயற்சியே இக்கட்டுரை.

உடலின் படை எவ்வாறு மூப்படைகிறது

நெஞ்செலும்பின் பின்புறத்தில் தைமஸ் என்னும் சிறு சுரப்பி உள்ளது. நோய்க்கிருமிகளை அடையாளம் கண்டு எதிர்க்கும் 'டி அணுக்கள்' எனப்படும் வெள்ளணுக்கள் இங்குதான் பக்குவம் பெறுகின்றன. பதின்பருவத்திற்குப் பின் இச்சுரப்பி சுருங்கத் தொடங்கி, மெல்ல மெல்லக் கொழுப்புத் திசுவாக மாறுகிறது. ஆகவே, முன்பு கண்டிராத கிருமியை எதிர்கொள்ளக்கூடிய புதிய டி அணுக்களின் வரத்து வயது ஏற ஏறக் குறைகிறது. பழைய தொற்றுகளோடு போராடிக் களைத்த அணுக்களின் விகிதமோ கூடுகிறது. களைத்த அணுக்கள் சும்மா இருப்பதில்லை. அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருட்களைத் தொடர்ந்து கசியவிடுகின்றன. வெளியே தெரியாமல் உள்ளே கனன்றுகொண்டிருக்கும் இவ்வழற்சி, இதயநோய், நீரிழிவு முதலிய முதுமை நோய்கள் பலவற்றின் பின்னணியில் இருக்கிறது. முதுமையையும் அழற்சியையும் இணைக்கும் கருத்தை இத்தாலிய ஆய்வாளர் கிளாடியோ பிரான்செஸ்கி 2000ஆம் ஆண்டில் முன்வைத்தார்.

இதன் விளைவுகளை நம் ஊர்களில் அனைவரும் கண்டிருப்போம். முதியவர்களுக்கு வரும் 'அக்கி' அவற்றுள் ஒன்று. சிறுவயதில் சின்னம்மையாக வந்துபோன அதே நுண்கிருமி, நரம்புகளுக்குள் பல்லாண்டுகள் உறங்கிக் கிடந்து, எதிர்ப்பாற்றல் தளரும்போது கொப்புளங்களாக மீண்டும் வெளிப்படுகிறது. செம்மண் குழைத்து அக்கி எழுதிக்கொள்ளும் வழக்கம் இன்றும் மறையவில்லை. உறங்கும் காசநோய்க் கிருமி விழித்துக்கொள்வதும் இதே வழியில்தான். அதன் விலை உயிராகவும் இருக்கலாம்.

ஒரே வயதுடைய இருவருக்கு எதிர்ப்பாற்றல் ஒரே அளவில் தளர்வதில்லை. ஏன் என்னும் கேள்விக்கு ஒரு முக்கியமான விடை 2022 ஜூனில் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் வெளியானது. தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் குளோபாக் தலைமையிலான குழு, ஐம்பது வயதைக் கடந்த 5,744 அமெரிக்கர்களின் குருதியை ஆராய்ந்தது. வாழ்வில் நேர்ந்த இடர்கள், நீடித்த நெருக்கடிகள், பேரதிர்ச்சிகள், அன்றாடப் பாகுபாடு, வாழ்நாள் முழுவதும் சந்தித்த பெரும் பாகுபாடுகள் ஆகியவற்றைப் பற்றி அவர்கள் அளித்த விடைகளோடு டி அணுக்களின் நிலை ஒப்பிடப்பட்டது. கூடுதல் அழுத்தத்தைத் தாங்கியவர்களின் குருதியில் புதிய டி அணுக்களின் விகிதம் குறைவாகவும், களைத்தவற்றின் விகிதம் மிகுதியாகவும் இருந்தன. கல்வி முதலிய வேறுபாடுகளைக் கழித்துப் பார்த்த பின்னரும் இத்தொடர்பு நீங்கவில்லை. ஒரு கட்டத்தில் எடுக்கப்பட்ட அளவீடு என்பதால் இது காரண காரியத்தை அறுதியிட்டு மெய்ப்பிப்பதில்லை, தொடர்பைக் காட்டுகிறது. ஆனால் இத்தொடர்பு தனித்து நிற்கும் ஒன்றும் அன்று.

ஒகாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசரும் குழுவினரும் 1995இல் எளிய சோதனை ஒன்றைச் செய்தனர். மறதிநோய் கண்ட உறவினரை ஆண்டுக்கணக்கில் பராமரித்துவந்த பெண்களின் கையிலும், அத்தகைய சுமையற்ற அதே வயதுடைய பெண்களின் கையிலும் ஒரே அளவில் சிறு காயம் ஏற்படுத்தி, அது ஆறும் நாட்களை எண்ணினர். சுமை தாங்கியவர்களுக்குச் சராசரியாக 9 நாட்கள் கூடுதலாகத் தேவைப்பட்டன. அடுத்த ஆண்டில், அத்தகைய பராமரிப்பாளர்களுக்குச் சளிக்காய்ச்சல் தடுப்பூசி செலுத்தியபோது உருவான எதிர்ப்பாற்றலும் மற்றவர்களைவிடக் குறைவாகவே இருந்தது. அதாவது, அரசு இலவசமாகத் தடுப்பூசி வழங்கினாலும் அதன் முழுப்பயன் எல்லா உடல்களுக்கும் ஒன்றுபோல் போய்ச் சேர்வதில்லை. 2004இல் எலிசா எப்பெலும், பின்னர் 2009இல் நோபல் பரிசு பெற்ற எலிசபெத் பிளாக்பர்னும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு இன்னும் ஆழத்திற்குச் சென்றது. உயிரணு பிரியுந்தோறும் அதன் குரோமோசோம் முனைகளில் உள்ள 'டெலோமியர்' என்னும் காப்பு சற்றே குறுகும். மிகுந்த அழுத்தத்தில் வாழ்வதாக உணர்ந்த தாய்மார்களின் வெள்ளணுக்களில் இக்குறுக்கம், குறைந்த அழுத்தம் உடையோரைவிடப் பத்தாண்டுகளேனும் கூடுதலான மூப்புக்கு ஈடாக இருந்தது.

இது நிகழும் முறையும் ஓரளவு தெரிந்ததே. ஆபத்தைக் கண்டதும் சிறுநீரகத்தின் மேலுள்ள அண்ணீரகச் சுரப்பி அட்ரினலினையும் கார்டிசாலையும் சுரக்கிறது. இதயம் விரைகிறது, சர்க்கரை குருதிக்கு வருகிறது, உடல் ஓடவோ போராடவோ ஆயத்தமாகிறது. ஆபத்து நீங்கினால் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும். நீங்காத ஆபத்துதான் சிக்கல். கார்டிசால் அழற்சியை அடக்கும் தன்மையுடையது. ஆனால் அது ஓயாமல் சுரக்கும்போது வெள்ளணுக்கள் அதன் குரலுக்குச் செவிசாய்க்க மறுக்கின்றன. அழற்சி கட்டுப்பாடின்றித் தொடர்கிறது. உடல் இவ்வாறு செலுத்தும் தேய்மானக் கட்டணத்தின் கூட்டுத்தொகைக்கு நரம்பியலாளர் புரூஸ் மெக்யூவன் 1990களில் ஒரு பெயரும் அளவீடும் தந்தார். கடனுக்கு வட்டி ஏறுவதுபோல் அது ஏறுகிறது. வட்டியைப் பற்றிக் காஞ்சிபுரத்து நெசவாளர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

தேர்வா, கட்டாயமா?

குளோபாக் குழுவின் ஆய்வில் இன்னொரு முடிவும் உண்டு. உணவுத் தரத்தையும் உடற்பயிற்சியையும் கணக்கில் சேர்த்தபோது, அழுத்தத்துக்கும் எதிர்ப்பாற்றல் மூப்புக்கும் இடையிலான தொடர்பு வலுவிழந்தது. அழுத்தம் மிக்கவர்களே மோசமாக உண்பவர்களாகவும் உடற்பயிற்சி குறைந்தவர்களாகவும் இருந்தனர். ஆகவே அழுத்தம் உடலுக்குள் புகும் வழிகளில் ஒன்று வாழ்க்கைமுறை.

இம்முடிவை இருவகையாகப் படிக்கலாம். "உணவையும் பயிற்சியையும் சரிசெய்தால் போதும், அழுத்தம் ஒரு பொருட்டன்று" என்பது ஊடகங்களுக்கு உவப்பான வாசிப்பு. அந்த உணவையும் ஓய்வின்மையையும் அவர்களுக்கு விதித்தது எது என்று கேட்பது மற்றொன்று. சட்டம் படித்தவள் என்ற முறையில் இவ்விடத்தில் எனக்கு நினைவுக்கு வருவது, 1982இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு. அரசமைப்புச் சட்டத்தின் 23ஆம் உறுப்பு கட்டாய உழைப்பைத் தடைசெய்கிறது. அங்குள்ள 'கட்டாயம்' என்பது தடியும் சங்கிலியும் மட்டும்தானா என்னும் வினாவுக்கு, மாற்று வழியே இல்லாதபடி ஒருவரை நிறுத்தும் பொருளாதார நெருக்கடியும் கட்டாயமே என்று நீதியரசர் பகவதி விடையளித்தார். குறைந்தபட்சக் கூலிக்கும் கீழாக ஒருவர் உழைக்கச் சம்மதித்தால், அச்சம்மதம் சுதந்திரமானதன்று. இக்கோட்பாட்டை மருத்துவத்தின் 'வாழ்க்கைமுறைத் தேர்வு' என்னும் தொடருக்குப் பொருத்திப் பார்த்தால், அத்தொடரின் இரண்டாம் சொல் உதிர்ந்துவிடும்.

பிள்ளையார்பாளையத்தையே எடுத்துக்கொள்வோம். குழித்தறியில் அமர்ந்தவர் மிதிகட்டைகளைக் காலாலும் நாடாவைக் கையாலும் இயக்குகிறார். நாள் முழுவதும் உடல் உழைக்கிறது. ஆனால் அவ்வுழைப்பு மருத்துவர் கூறும் உடற்பயிற்சி ஆகாது. இடுப்பும் முழங்காலும் தேய்கின்றன, நுரையீரல் விரியும் நடை அதில் இல்லை. மழைக்காலத்தில் குழியில் ஈரம் ஊறும். தெருவில் பாவு விரிக்க இயலாது. வேலை நின்ற நாட்களுக்குக் கூலியும் கிடையாது. விழாக்காலத்திற்கும் முகூர்த்த மாதங்களுக்கும் முன்பு இரவிலும் தறி ஓடும். உறக்கம் குறைந்தால் என்ன ஆகும் என்பதை 2015இல் அமெரிக்காவில் அளந்தார்கள். ஆறு மணி நேரத்திற்கும் குறைவாக உறங்கியவர்கள், ஏழு மணி நேரத்திற்கு மேல் உறங்கியவர்களைக் காட்டிலும் சளிக்கிருமிக்கு நான்கு மடங்குக்கு மேல் எளிதாக ஆட்பட்டனர்.

கூலியின் நிலையை நான்காம் அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு (2019-20) பதிவுசெய்துள்ளது. நெசவாளர் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவாகவே ஈட்டுகின்றன. இடைவெளியை முன்பணம் நிரப்புகிறது. முன்பணம் நெசவாளரை முதலாளியிடம் கட்டிவைக்கிறது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976லேயே வந்துவிட்டது. ஆயினும் காஞ்சிபுரத்துப் பட்டுத் தறிகளில் பெற்றோர் பெற்ற முன்பணத்துக்காகக் குழந்தைகள் பிணைக்கப்பட்டிருந்ததை மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2003இல் ஆவணப்படுத்தியது. இந்தியப் பட்டுத் தொழிலில் இவ்வாறு பிணைக்கப்பட்ட குழந்தைகளுள் பெரும்பாலோர் தலித்துகளும் இசுலாமியரும் எனவும் அவ்வறிக்கை கூறிற்று. அன்று தறியருகே அமர்த்தப்பட்ட பத்து வயதுக் குழந்தை இன்று முப்பதைக் கடந்தவர். அவருடைய உடலின் கணக்கு பத்து வயதிலேயே தொடங்கிவிட்டது.

சாதி தனியாகக் கூட்டும் சுமை

கடனும் இடுப்புவலியும் நெசவுத் தொழிலைக் குலத்தொழிலாகக் கொண்ட சாதிகளுக்கும் உண்டு; அதை மறுப்பதற்கில்லை. தறி சுற்றுப்புறக் கிராமங்களுக்குப் பரவியபோது கூலி நெசவுக்கு வந்த தலித் குடும்பங்களுக்கும், நகரின் துப்புரவைத் தாங்கும் குடும்பங்களுக்கும் அதற்கு மேல் இன்னொன்று சேர்கிறது. வறுமையைக் கழித்தால் சாதி மறைந்துவிடும் என்னும் வாதத்தை நாம் அடிக்கடி கேட்கிறோம். சங்கீதா வியாஸ், பயல் ஹாத்தி, ஆஷிஷ் குப்தா ஆகியோர் அதே 2022இல், அதே அறிவியல் கழக இதழில் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேரடியான மறுமொழி. வட, கிழக்கு இந்தியாவின் ஒன்பது மாநிலங்களில் சுமார் இரண்டு கோடிப் பேரின் தரவுகளைக் கொண்டு அவர்கள் கணித்தபடி, உயர்சாதி இந்துக்களைவிடப் பழங்குடியினரின் சராசரி ஆயுள் நான்கு ஆண்டுகளுக்கு மேலும், தலித்துகளின் ஆயுள் மூன்று ஆண்டுகளுக்கு மேலும், இசுலாமியரின் ஆயுள் ஏறத்தாழ ஓராண்டும் குறைவு. பொருளாதார நிலையால் விளக்கக்கூடியது இவ்விடைவெளியில் பாதிக்கு மேற்படாது. தமிழ்நாடு அவ்வொன்பதில் இடம்பெறவில்லை என்பதைக் கொண்டு நாம் நிம்மதியடையத் தேவையில்லை.

எஞ்சிய பாதி எங்கிருந்து வருகிறது? அமெரிக்காவில் இதே கேள்வியைக் கருப்பினப் பெண்களின் உடல்நலம் குறித்து எழுப்பிய ஆர்லின் ஜெரோனிமஸ், 1992இல் ஒரு கருதுகோளை முன்வைத்தார். வெயிலும் மழையும் பாறையைச் சிதைப்பதுபோல் நீடித்த இனவெறி உடலை வயதுக்கு முன்பே சிதைக்கிறது என்பது அதன் சாரம். அங்குப் பயன்படும் 'அன்றாடப் பாகுபாடு' வினாப்பட்டியலைப் பாருங்கள். மற்றவர்களுக்குத் தரப்படும் மரியாதை உங்களுக்குத் தரப்படுகிறதா, கடைகளில் உங்களை மட்டமாக நடத்துகிறார்களா, அறிவற்றவர் என எண்ணிப் பேசுகிறார்களா, உங்களைக் கண்டு அஞ்சுவதுபோல் விலகுகிறார்களா, மிரட்டப்படுகிறீர்களா என்பன போன்ற கேள்விகள். நம் சேரிகளில் வாழும் எழுபது வயதுப் பெரியவர் எவரிடமும் இவற்றைக் கேட்க நமக்கே கூச்சமாக இருக்கும். விடை இருவருக்கும் முன்பே தெரியும். பேரன் வயதுடையவன் பெயர் சொல்லி ஒருமையில் அழைப்பதையும், நீட்டிய காசைக் கையில் வாங்காமல் மேசைமேல் வைக்கச் சொல்வதையும் ஆண்டுக்கு முந்நூறு நாட்கள் என்று எழுபது ஆண்டுகளுக்குக் கூட்டிப் பார்க்கலாம்.

சட்டம் இக்கூட்டுத்தொகையைப் பார்ப்பதில்லை. அது நிகழ்ச்சியைப் பார்க்கிறது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் இழிவுபடுத்தல் குற்றமாக வேண்டுமானால், அது பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் நிகழ்ந்திருக்க வேண்டும். நான்கு சுவர்களுக்குள், வெளியார் எவரும் இல்லாத இடத்தில் கூறப்பட்ட வசை இப்பிரிவில் அடங்காது என்று 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. குற்றவியல் சட்டத்துக்கு அத்தகைய எல்லை தேவைப்படலாம். அண்ணீரகச் சுரப்பிக்கு அந்த எல்லை தெரியாது.

உணவு என்னும் மருந்து, அறுபது என்னும் கோடு

நிலைமை மாற்ற முடியாததா? மாற்றக்கூடியது என்பதற்கு வலுவான சான்று ஜார்க்கண்டிலிருந்து வந்தது. அங்கு நான்கு மாவட்டங்களில் காசநோயாளிகளின் குடும்பத்தினர் 10,345 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2023இல் 'லான்செட்' இதழில் வெளியானது. அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகியோரும் சென்னையின் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் இதில் பங்கேற்றனர். ஒரு பிரிவினருக்கு மாதந்தோறும் ஆளுக்கு ஐந்து கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, சத்து மாத்திரைகள் வழங்கப்பட்டன. அக்குடும்பங்களில் புதிதாகக் காசநோய் தோன்றுவது 39 விழுக்காடு குறைந்தது. பிறருக்குப் பரவும் நுரையீரல் காசநோய் 48 விழுக்காடு குறைந்தது. எவரும் அவர்களுக்கு வாழ்க்கைமுறை பற்றி வகுப்பெடுக்கவில்லை. பருப்பு கொடுத்தார்கள். தமிழ்நாட்டின் பொது விநியோகத் திட்டம் நாட்டில் சிறந்தவற்றுள் ஒன்று. அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. துவரம்பருப்போ குடும்ப அட்டைக்கு மாதம் ஒரு கிலோதான்.

முதியோர் ஓய்வூதியம் 2023 ஆகஸ்டில் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. நாளொன்றுக்கு 40 ரூபாய். 80 வயதுக்கு உட்பட்டோருக்கு இதில் ஒன்றிய அரசின் பங்கு வெறும் 200 ரூபாய். தொகையைப் பற்றிப் பலர் பேசுகிறார்கள். வயது வரம்பைப் பற்றிப் பேசுவோர் குறைவு. அறுபது வயது என்னும் கோடு, எல்லா உடல்களும் ஒரே வேகத்தில் மூப்படைகின்றன என்னும் அனுமானத்தின் மேல் வரையப்பட்டது. மேலே கண்ட ஆய்வுகள் எல்லாம் தகர்ப்பது அந்த அனுமானத்தைத்தான். சமமற்றவர்களைச் சமமாக நடத்துவதும் 14ஆம் உறுப்பை மீறுவதே என்பது சட்டக் கல்லூரியின் முதலாண்டுப் பாடம்.

இக்கோட்டை நகர்த்த முடியாதென்று எவரும் கூற இயலாது. தெலங்கானாவில் 'ஆசரா' திட்டத்தின் கீழ் நெசவாளர்களும் கள் இறக்கும் தொழிலாளர்களும் ஐம்பது வயதிலேயே ஓய்வூதியம் பெறத் தகுதியுடையவர்கள். ஜார்க்கண்ட் அமைச்சரவை 2024 ஜனவரியில் பழங்குடியினருக்கும் தலித்துகளுக்கும் பெண்களுக்கும் வரம்பை ஐம்பதாகக் குறைத்தது. தமிழ்நாட்டிலேயே ஆதரவற்ற, திருமணமாகாத ஏழைப் பெண்களுக்கான ஓய்வூதியம் ஐம்பது வயதில் தொடங்குகிறது. ஆகவே தூய்மைப் பணியாளர், கூலி நெசவாளர், விவசாயக் கூலிகள் ஆகியோருக்கு இவ்வரம்பை ஐம்பதாகவோ ஐம்பத்தைந்தாகவோ குறைக்கக் கோருவது புதுமையான கோரிக்கையன்று. நம் இயக்கங்கள் இதனை இன்னும் உரக்க எழுப்பியிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

இருக்கும் வரம்பின்படியே ஓய்வூதியம் பெறுவதும் எளிதாக இல்லை. பள்ளிக்கே செல்லாத பலருடைய ஆதார் அட்டையில் பிறந்த நாள் ஜனவரி 1 என்றிருக்கும். ஆண்டு ஒரு மதிப்பீடு. அம்மதிப்பீடு இரண்டு மூன்று ஆண்டுகள் பிசகினால், அத்தனை ஆண்டுகளும் ஓய்வூதியம் இல்லை. ஆதார் பிறந்த தேதிக்கு உறுதியான சான்றாகாது என்று 2024 அக்டோபரில் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. அங்குப் பள்ளிச் சான்றிதழ் ஏற்கப்பட்டது. பள்ளிச் சான்றே இல்லாதவருக்கு அரசு மருத்துவரின் வயதுச் சான்றைக் கோரி, இத்தீர்ப்பைச் சுட்டி, சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் மனு அளிக்கலாம். மறுப்பு வந்தால் எழுத்தில் பெற வேண்டும். வாய்மொழி மறுப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்ய இயலாது.

மருத்துவமனையிலும் கேட்பதற்கு உரிமைகள் உள்ளன. பணியிலிருக்கும்போதும் ஓய்வுக்குப் பின்னும் தொழிலாளியின் உடல்நலம் 21ஆம் உறுப்பின்பாற்பட்ட அடிப்படை உரிமை என்று 1995இல் கல்நார்த் தொழிலாளர் வழக்கில் தீர்ப்பானது. முதியோரின் உரிமைகளை உறுதிசெய்வது அரசின் கடமை என்பதை 2018 டிசம்பரில் அஸ்வனி குமார் வழக்கு வலியுறுத்தியது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தைப் பிள்ளைகள்மீது வழக்குத் தொடுக்கும் சட்டமாகவே பலர் அறிந்துள்ளனர். அதன் 20ஆம் பிரிவு அரசை நோக்கியது. அரசு மருத்துவமனைகளில் மூத்த குடிமக்களுக்கு இயன்றவரை படுக்கை, தனி வரிசை, முதியோர் மருத்துவத்தில் அனுபவமுள்ள மருத்துவ அலுவலரின் பொறுப்பில் மாவட்ட மருத்துவமனைதோறும் தனி வசதி ஆகியவற்றை அது கோருகிறது. உங்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் அந்த மருத்துவ அலுவலர் யார், சென்ற ஆண்டு எத்தனை முதியவர்கள் அங்குச் சிகிச்சை பெற்றார்கள், அவர்களுள் பட்டியல் சாதியினர் எத்தனை பேர் என்னும் மூன்று கேள்விகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்கீழ் ஒரு கல்லூரி மாணவரே எழுதிக் கேட்கலாம். கட்டணம் பத்து ரூபாய், விடைக்குக் கெடு 30 நாட்கள். மூன்றாம் கேள்விக்கு 'அத்தகைய பதிவு பராமரிக்கப்படவில்லை' என்று பதில் வந்தால், அப்பதிலைப் பத்திரப்படுத்தி வையுங்கள். நீதிமன்றத்தில் அதுவே முதல் ஆவணமாகும்.